டயரின் நான்கு இலக்கங்களை ரசீதில் எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு ஊர் திரும்புகிறவர்களுக்காக உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த வாகனப் பராமரிப்புக் குறிப்புகளைப் படித்தேன். எண்ணெய், பிரேக், வைப்பர், விளக்கு எல்லாம் சரியாகவே எழுதியிருந்தீர்கள். டயர் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி இருந்தது: ‘டயரில் பூ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.’ பூ என்றால் சாலையைத் தொடும் பகுதியில் இருக்கும் வரிப்பள்ள வடிவம். அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பூ நிறைய இருந்த டயர்தான் என்னைப் பினாங்குத் தீவின் தெலுக் பஹாங் மலைச் சாலையில் சுழற்றிவிட்டது. கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் போதாவிட்டால் கடைசியில் இருக்கும் கோரிக்கையை மட்டுமாவது வெளியிடுங்கள்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 22 வருடமாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். வீடு ரெலாவில். என்னிடம் இருப்பது 2000-ஆம் ஆண்டில் செய்த டொயோட்டா எம்ஆர்-எஸ். இரண்டு இருக்கை, மடக்குகிற துணிக்கூரை, இருக்கைக்குப் பின்னால் 1.8 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர். மொத்த எடை ஏறத்தாழ ஒரு டன். டொயோட்டா இதை 1999-இலிருந்து 2007 வரைதான் செய்தது. ஜப்பானில் ஓடி இங்கே இறக்குமதியான வண்டி. பல வருடம் சேர்த்த பணத்தில் 2015-இல் வாங்கினேன். வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வருவேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இந்த வண்டியை எடுத்துக்கொண்டு பத்து பிரிங்கி, தெலுக் பஹாங், பாலிக் புலாவ், அப்புறம் துன் சார்டோன் சாலை வழியாக வீடு என்று தீவைச் சுற்றி வருவது எனக்கு அந்த வாரம் முழுவதற்கும் போதும்.

இந்த வண்டிக்கு நான்கு டயரும் ஒரே அளவு கிடையாது. முன்னே 185/55ஆர்15, பின்னே 205/50ஆர்15. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். என் முன் டயரின் அளவும், இங்கே எங்கும் ஓடுகிற பெரோடுவா மைவி காரின் 1.5 லிட்டர் வகைக்கு வருகிற அளவும் ஒன்றுதான். அதனால் எந்த ஊர்க் கடையிலும் புதுச் சரக்கு கிடைத்துவிடும். பின் டயர் அப்படியில்லை. அந்த அளவைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. கடைக்காரர் ஒரு ஜோடி வாங்கி வைத்தால் அது வருடக்கணக்கில் அலமாரியிலேயே இருந்துவிடும். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் முதல் ஆபத்து. நமக்கு வேண்டிய அளவு அபூர்வமான அளவு, அபூர்வமான அளவில்தான் பழைய சரக்கு தேங்குகிறது.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததிலிருந்து என் வண்டி பெரும்பாலும் வீட்டு முகப்பிலேயே நின்றது. காலை வெயில் இடது பக்க டயர்கள் மீது நேராக விழும். கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு பார்த்தால் நான்கு டயரின் பக்கச்சுவரிலும் மயிரிழை போல வெடிப்பு. ஒரே இடத்தில் நின்றதால் அடிப்பகுதி தட்டையாகி, ஓட்டும்போது ‘டொக் டொக்’ என்று சத்தம் வேறு. 2021 நவம்பரில் நான்கையும் மாற்றிவிட முடிவு செய்து தீவிலேயே ஒரு கடைக்குப் போனேன். முன் டயர் இருந்தது. பின் டயரும், ‘உங்களுக்கு அதிர்ஷ்டம்தான், ஒரே ஒரு ஜோடி இருக்கிறது’ என்று உள்ளேயிருந்து எடுத்து வந்தார்கள். கறுப்பாகப் பளபளத்தது. பூ முழுசாக இருந்தது. அச்சில் வார்க்கும்போது ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்குமே, அந்த ரப்பர் முள் கூட உதிரவில்லை.

இருந்தாலும் நான் தேதியைப் பார்த்தேன். டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் நீண்ட குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் அது செய்யப்பட்ட தேதி. என் டயரில் 2114 என்று இருந்தது. எங்கள் தொழிற்சாலைக்கு வரும் சிப்புகள் மீதும் இதே மாதிரி நான்கு இலக்கம் இருக்கும். அதில் ஆண்டு முதலில் வரும், வாரம் அடுத்து வரும். 2114 என்றால் 2021-ஆம் ஆண்டின் 14-ஆம் வாரம். 22 வருடமாகத் தினமும் நான் படிக்கிற எண் அது. ‘ஏப்ரல் மாதச் சரக்கு, ஏழு மாதம்தான் ஆகியிருக்கிறது’ என்று மனசுக்குள் கணக்குப் போட்டுத் திருப்தியோடு பணத்தைக் கட்டினேன்.

டயரில் வரிசை நேர் எதிர். வாரம் முதலில், ஆண்டு அடுத்து. 2114 என்றால் 2014-ஆம் ஆண்டின் 21-ஆம் வாரம், அதாவது மே மாதம். நான் புதுசு என்று வாங்கியது ஏழரை வருடம் கிடந்த டயர். தவறாகப் படித்தது நான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தக் கடையில் யாரும் எனக்கு அதன் வயதைச் சொல்லவில்லை. விலையும் புது டயரின் விலைதான்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். 2022 அக்டோபர், பினாங்கில் மழை வலுக்கிற மாதம். ஞாயிறு காலை எட்டு மணி இருக்கும். தெலுக் பஹாங் அணையைத் தாண்டி மேடேறி, தித்தி கெராவாங் பக்கமாகப் பாலிக் புலாவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது. சாலை ஈரமாக இருந்தது, ஓரமெல்லாம் பழத்தோட்டத்து இலைகள். வேகம் 45 கிலோமீட்டர்தான். இடது வளைவு நான் நினைத்ததைவிட இறுக்கமாக வந்ததால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அவ்வளவுதான். பின்பக்கம் வலது புறமாகப் பிய்த்துக்கொண்டு போனது. ஸ்டீரிங்கைத் திருப்பினேன், ஏற்கவில்லை. வண்டி வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நின்றது. நிற்பதற்கு முன் பின் சக்கரம் ஒன்று சாக்கடையோரக் கான்கிரீட்டில் மோதியது. எதிரே எந்த வண்டியும் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கடிதம் இருக்காது. பக்கத்துப் பழத்தோட்டத்திலிருந்து ஓடிவந்த ஒரு மலாய்க்கார ஐயா, நான் கை நடுக்கம் தீர்ந்து வண்டியை ஓரங்கட்டும்வரை வளைவுக்கு மேலே போய் நின்று, குடையை விரித்து ஆட்டி வருகிற வண்டிகளை மெதுவாகப் போகச் சொன்னார். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மாட்டு வண்டியில் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்கள் இல்லையா? எம்ஆர்-எஸ் பிறவியிலேயே பின்பார வண்டி. எஞ்சின் பின்னால் இருப்பதால் எடையில் பாதிக்கு மேல் பின் சக்கரங்கள் மீதுதான். வளைவில் காலை எடுத்ததும் பாரம் முன்னே சாய்கிறது, பின் டயரின் பிடி குறைகிறது. நல்ல டயராக இருந்தால் அந்தக் குறைந்த பிடியே போதும். என் வண்டியில் முன்னே புதிய, மிருதுவான மைவி அளவு டயர். பின்னே எட்டு வருடத்துக் கெட்டி டயர். முன்பக்கம் பிடித்துக்கொண்டு திரும்ப, பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது.

ஜெலுத்தோங்கில் எனக்கு வழக்கமாக வண்டி பார்க்கும் ஃபோர்மேன் அண்ணனிடம் கொண்டுபோனேன். ரிம்மில் விரிசல். அவர் ரிம்மை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. குத்த வைத்து உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தால் டயரின் பூவை அழுத்திப் பார்த்தார். நகம் பதியவில்லை. அப்புறம் கைப்பேசி விளக்கை அடித்துப் பக்கச்சுவரைப் படித்தார்.

“தங்கச்சி, இது 2014 டயர்மா.”

“இல்லண்ணே, 2021. நானே பார்த்துத்தான் வாங்கினேன்.”

“வாரம் முதல்ல வரும், வருஷம் பின்னால வரும். முன் டயரப் பாரு, 3321-னு போட்டிருக்கு. வருஷத்துல முப்பத்து மூணாவது வாரம்னு எடுத்தா சரி வருது. நீ சொல்ற மாதிரி படிச்சா 2033-ல செஞ்ச டயரா இது?”

நான் பதில் சொல்லவில்லை. முன் டயரின் எண்ணை ஒரு தடவை படித்திருந்தால் கடையிலேயே எனக்கு உறைத்திருக்கும். எப்போதும் கிடைக்கிற அளவுதானே என்று முன் டயரைப் பார்க்காமல் விட்டிருந்தேன்.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டு, ரப்பர் கேஸ்கட்டின் கெட்டித்தன்மையை அளக்க நாங்கள் வைத்திருக்கும் கருவியை மதிய இடைவேளையில் எடுத்துக்கொண்டேன். ஷோர் ஏ என்ற அளவுகோல். எண் கூடக் கூட ரப்பர் கெட்டி என்று அர்த்தம். நிழலில் நின்ற வண்டியில், ஒவ்வொரு டயரிலும் ஐந்து இடத்தில் அளந்தேன். முன் டயர்கள் சராசரி 65. பின் டயர்கள் 81. ஈரச் சாலையில் டயர் பிடிப்பது எப்படியென்றால், தார்ச்சாலையின் பொடிக்கற்களுக்கு இடையில் ரப்பர் இறங்கி அழுந்திக்கொள்வதால்தான். கெட்டித்துப்போன ரப்பர் இறங்காது, மேலேயே சறுக்கும். பூவின் வேலை தண்ணீரை வெளியே தள்ளுவது. தண்ணீர் போன பிறகு பிடிக்க வேண்டியது ரப்பர். என் பின் டயரில் பூ 7 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது.

என் அம்மா கூலிம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இதை அவரிடம் சொன்னபோது கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. ஷீட் போட்ட ரப்பரைப் புகை போடும் கொட்டகையில்தான் காய வைப்பார்கள், வெயிலில் போட்டால் பிசுபிசுத்துக் கெட்டுப்போகும், கிராணி (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) ஏசுவார் என்றார். டயர் அந்த ரப்பர் மட்டும் இல்லை. செயற்கை ரப்பர், கரி, சிலிக்கா, எண்ணெய், கந்தகம் எல்லாம் கலந்தது. ஆனாலும் காற்றிலுள்ள பிராணவாயுவும் ஓசோனும் ரப்பரைத் தின்னத்தான் செய்கின்றன, வெப்பம் அதைத் துரிதப்படுத்துகிறது. இதைத் தடுக்கத் தயாரிப்பாளர்கள் ரப்பருக்குள் ஒரு வகை மெழுகும் மருந்தும் கலக்கிறார்கள். டயர் ஓடும்போது நெளிந்து நெளிந்து அந்த மருந்து மேற்பரப்புக்குக் கசிந்து வந்து காப்பாற்றும். பக்கச்சுவரில் சில நேரம் தெரியும் பழுப்பு நிறம் அதுதான், அழுக்கென்று தேய்த்து எடுக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் ஓடுகிற வண்டியில் டயர் நெளிவது குறைவு, பாதுகாப்பும் குறைவு. தினமும் வேலைக்குப் போகிற மைவியின் டயர் தேய்ந்து சாகும். என் போன்றவர்களின் டயர் தேயாமலே செத்துப்போகும், கண்ணுக்கும் தெரியாது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருட்டான, வெப்பம் குறைந்த கிடங்கில் ஒழுங்காக வைத்த டயர் ஒன்றிரண்டு வருடம் ஆனதாக இருந்தால் நான் வாங்கிக்கொள்வேன். அதற்கு மேல் வேண்டாம். மிச்செலின், கான்டினென்டல் போன்ற பெரிய தயாரிப்பாளர்கள், 5 வருடம் ஓடிய பிறகு வருடத்துக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்கவும், செய்த நாளிலிருந்து 10 வருடமானால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடவும் சொல்கிறார்கள். ஸ்பேர் டயருக்கும் இதே கணக்கு. முன் பெட்டியிலிருந்த என் ஸ்பேரை அன்றுதான் முதல் தடவையாக எடுத்துப் பார்த்தேன். 1400 என்று இருந்தது. 2000-ஆம் ஆண்டு ஏப்ரல். ஒரு நாள்கூடத் தரையைத் தொடாத டயர், 22 வயது.

பழைய கடைக்குப் போனேன். ‘பூ இவ்வளவு இருக்கிறதே, டயரில் என்ன குறை? நீங்கள் ஓட்டியதுதான் வேகம்’ என்றார்கள். ரசீதைக் காட்டினேன். அதில் ‘டயர் 205/50-15, இரண்டு’ என்றும் விலையும் மட்டும் இருந்தது. இந்த டயர்தான் அந்த டயர் என்றோ, அன்றைக்கு அதன் வயது என்ன என்றோ காட்ட என்னிடம் ஒரு எழுத்தும் இல்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தைப் பற்றி அதற்கு அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மனுவுக்கு 5 ரிங்கிட் கட்டணம், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் ஆதாரமில்லாமல் எதைக் கொண்டுபோய் வைப்பது? நான் போகவில்லை.

இனி, மறுபடி வாங்கியதைச் சொல்கிறேன். இதைத்தான் வாசகர்கள் பத்திரப்படுத்தி வைக்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

மூன்று கடையில் கேட்டேன். ஒரு கடையில், ‘205/50 தேட வேண்டாம் அக்கா, 195/50 போடுங்கள், கையிருப்பில் இருக்கிறது’ என்றார்கள். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் முன் டயரின் மொத்த விட்டம் 584.5 மில்லிமீட்டர், பின் டயருடையது 586. ஒன்றரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், வண்டியைச் செய்தவர்கள் யோசித்து வைத்த அளவு. 195/50 போட்டால் விட்டம் 576 ஆகிவிடும், அகலமும் குறையும். எடை அதிகமாக உட்காருகிற பக்கத்தில் டயரைச் சிறிதாக்க நான் சம்மதிக்கவில்லை. இன்னொரு கடையில் பந்தயத் தடத்துக்குப் போகிறவர்கள் போடும் டயரைக் காட்டினார்கள். நான்காங் என்எஸ்-2ஆர், யோகோஹாமா நியோவா மாதிரியானவை. உலர்ந்த சாலையில் அருமையாகப் பிடிக்கும் என்பது எனக்கும் தெரியும். அதே அளவில் சுலபமாகக் கிடைப்பதும் அவைதான். ஆனால் அவற்றில் ரப்பர்க் கட்டிகள் பெரிது, தண்ணீர் போக வாய்க்கால் குறைவு, சீக்கிரம் தேயும். நம் ஊரில் மத்தியானம் மூன்று மணிக்கு வெயில், மூன்றரைக்கு வெள்ளம். நீளவாக்கில் ஆழமான வாய்க்கால் உள்ள சாதாரண சாலை ஸ்போர்ட்ஸ் டயரைத் தேர்ந்தெடுத்தேன். 86வி என்று இருந்தது. 86 என்றால் ஒரு டயர் 530 கிலோ தாங்கும், வி என்றால் 240 கிலோமீட்டர் வேகம் வரை. இந்த இரண்டும் வண்டிக்குச் சொல்லப்பட்டதைவிடக் குறையக் கூடாது.

பிறை ஊரில் ஒரு கடைக்காரர், வரவழைத்துத் தருகிறேன், மூன்று வாரம் ஆகும் என்றார். காத்திருந்தேன். டயர் வந்ததும், மாட்டுவதற்கு முன் நான்கு இலக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார். 3522. ஆகஸ்ட் கடைசி, மூன்றே மாதச் சரக்கு. மாட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். தேதியோடு சேர்ந்த முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதுண்டு. அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் ஜேக் போட்டுத் தூக்கினால்தான் படிக்க முடியும்.

அந்தக் கடையில் வேலை செய்த தம்பி எனக்குப் பக்கத்தில் நிற்க இடம் கொடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். இப்போதும் அவரை நன்றியோடு நினைக்கிறேன். பழைய டயரைக் கழற்றியதும், டயர் உட்காரும் ரிம்மின் உள்விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்தார். கடல் காற்றுப் படுகிற ஊரில் அங்கேதான் உப்புப் பூத்து, காற்று மெல்ல மெல்லக் கசியும் என்றார். ரப்பர் வால்வை வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு போட்டார். சில ரிங்கிட் சாமான்தான், டயரை மாற்றும்போதே மாற்றிவிட வேண்டும். விளிம்பில் சோப்புப் பசை தடவி மெதுவாக ஏற்றினார். டயர் மீதிருந்த மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்தார். மஞ்சள் புள்ளி டயரில் எடை குறைந்த இடம், வால்வு இருக்கும் இடத்தில் ரிம் கொஞ்சம் கனம். இரண்டும் சேர்ந்தால் பேலன்சிங்கில் ஒட்டுகிற ஈயம் குறையும். பக்கச்சுவரில் ‘வெளிப்பக்கம்’ என்று எழுதிய பக்கம் வெளியே வருகிறதா என்று பார்த்தார். சில டயரில் இதற்குப் பதில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். அதை மாற்றிப் போட்டால் தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பூ உள்ளே இழுக்கும்.

நட்டை முடுக்கும்போதுதான் நான் வாயைத் திறந்தேன். பல கடைகளில் ஏர் கன்னை வைத்து ‘டர்ர்ர்’ என்று ஒரே அழுத்தாக அழுத்திவிடுவார்கள். அளவுக்கு மேல் முடுக்கினால் போல்ட் நீண்டு பலவீனமாகும், பிரேக் தட்டு கோணும், நடுவழியில் பஞ்சரானால் நம் கையால் கழற்றவே முடியாது. என் வண்டிக்கு முடுக்க வேண்டிய அளவு 103 நியூட்டன் மீட்டர். அளவு வைத்த ஸ்பேனரால் முடுக்கச் சொன்னேன். அவர் முகம் சுளிக்காமல் எடுத்து வந்து, வண்டியைத் தரையில் இறக்கி, எதிரெதிர் நட்டாக ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை முடுக்கினார். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி வந்து சரிபார்க்கச் சொன்னார், போனேன். ஒரு நட்டு கால் சுற்று இறுகியது.

முதல் 200 கிலோமீட்டருக்கு மெதுவாகப் போங்கள். புது டயரின் மேல் அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசிய வழவழப்பு கொஞ்சம் இருக்கும். சக்கரங்களின் கோணத்தையும் அன்றே சரிபார்த்துவிட வேண்டும். இந்த மாதிரி வண்டிகளில் பின் டயரின் உள்விளிம்புதான் முதலில் தேயும். நின்று பார்த்தால் தெரியாது. கைப்பேசியைச் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டி மாதம் ஒரு படம் எடுத்துவிடுகிறேன்.

காற்று விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் கேட்காமலே நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவாக 230, 240 என்று அடித்து அனுப்பிவிடுகிறார்கள். என் வண்டிக்கு முன்னே 180 கிலோபாஸ்கல், பின்னே 220. பிஎஸ்ஐ கணக்கில் 26, 32. இந்த 40 வித்தியாசம்தான் பின்பார வண்டியை நேராக வைத்திருக்கிறது. முன்னேயும் பின்னேயும் ஒரே அளவு வைத்தால் வண்டியின் குணமே மாறிவிடும். அவரவர் வண்டியின் அளவு ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். காலையில் வண்டியை எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிய பிறகு அளந்து, கூடியிருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடக் கூடாது. நைட்ரஜன் போட்டால் பார்க்கவே வேண்டாம் என்கிறார்கள். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தப் பணத்தில் சொந்தமாக ஓர் அளவுக்கருவி வாங்கிவிடலாம்.

முன்னே பின்னே அளவு வேறு என்பதால் டயர்களை இடம் மாற்றிப் போடவும் முடியாது. இரண்டு டயர் மட்டும் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான்கும் ஒரே அளவுள்ள வண்டியாக இருந்தால், முன்சக்கரம் இழுக்கிற வண்டியானாலும் சரி, புதிய ஜோடியைப் பின்னால் போடுங்கள். முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க வழி உண்டு. பின்பக்கம் வழுக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வாய்க்காலுக்குள் குறுக்கே மேடாக இருக்கிற தேய்மானக் குறி 1.6 மில்லிமீட்டர். அது தெரியும்வரை நான் காத்திருக்கப் போவதில்லை. 3 மில்லிமீட்டரில் மாற்றிவிடுவேன்.

என் அக்கா மகன் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறான், மைவி ஓட்டுகிறான். போன வருடம் சம்பளம் கூடியதும் ரிம் மாற்றினான், சைலன்சர் மாற்றினான். டயரை மட்டும், ஜப்பானிலிருந்து வந்த பழசு என்று நான்கையும் சேர்த்து மலிவு விலைக்கு வாங்கிப் போட்டிருந்தான். ‘பூ 80 சதவீதம் இருக்கு சின்னம்மா’ என்றான். உட்கார்ந்து படித்தோம். ஒன்றில் 4713, ஒன்றில் 0815, மற்ற இரண்டிலும் வெவ்வேறு தேதி. ஒன்றின் தோளில், அதாவது பூவும் பக்கச்சுவரும் சேர்கிற, ஓட்டை அடைக்கக் கூடாத இடத்தில், கடைக்காரர்கள் ‘சாச்சிங்’ என்று சொல்லும் புழு மாதிரியான அடைப்பு. அவனை ஏசவில்லை. அந்த வளைவில் நடந்ததைச் சொன்னேன். அடுத்த மாதமே நான்கும் மாற்றினான். நம் பிள்ளைகள் எத்தனை பேர் இப்படி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

என் கோரிக்கை இதுதான். டயர் விற்கும் ஒவ்வொரு கடையும் ரசீதில் டயரின் அளவோடு அந்த நான்கு இலக்கங்களையும் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுத அரை நிமிடம்கூட ஆகாது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு இதைக் கட்டாயமாக்க வேண்டும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதைக் கையில் எடுத்தால் என் ரசீதையும் படங்களையும் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். அதுவரை வாசகர்கள் தாங்களே கேட்டு எழுதி வாங்குங்கள். பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். எழுதித் தர மறுக்கிற கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். உங்கள் பத்திரிகையில் அடுத்த முறை பயணக் குறிப்பு போடும்போது, பூவைப் பற்றிய வரிக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: வாரம் முதலில், ஆண்டு அடுத்து.

இப்படிக்கு,
வாசகி,
ரெலாவ், பினாங்கு